அப்டேட் போடும் முன் மெயில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

2018ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் என் பழைய போன் செத்தது. அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஓட்டி, மயிலாடுதுறைப் பக்கத்து அஞ்சலகம் ஒன்றில் போஸ்ட்மாஸ்டராக ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு "புதிய மென்பொருள் தயார்" என்று போனில் ஓர் அறிவிப்பு. தொட்டேன். திரை கறுத்தது. நடுவில் ஒரு குட்டிப் பச்சை ரோபோ, அதன் காலடியில் ஒரு கோடு. கோடு மூன்றில் ஒரு பங்கு வரை நகர்ந்து நின்றுவிட்டது. பத்து நிமிடம் பார்த்தேன், இருபது நிமிடம் பார்த்தேன். பணப்பெட்டிக் கணக்கு இரண்டு ரூபாய் இடித்த நாட்களில்கூட நிதானமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவன் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போன் தன் முத்திரையைக் காட்டும், அணையும், மறுபடி காட்டும். கடைத்தெருவில் பழுதுபார்க்கும் பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால் உயிர் வரும் சார்" என்றான். அழித்தான். உயிர் வந்தது. நான்கு வருட மெயில் போயிற்று. ஓய்வூதிய ஆணையின் நகலை அலுவலகத்தில் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டேன். நிலப் பங்கீடு பற்றி என் அண்ணன் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்பிய நீளமான கடிதத்தை யாரிடம் கேட்பது? அவர் அதற்கு முந்தைய தை மாதமே போய்விட்டார்.

பொத்தானை அழுத்தியது சின்னத் தவறு. பெரிய தவறு, மெயில் போனுக்குள் மட்டும் இருக்கும்படி நானே அமைத்து வைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் தெரு ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்று கொடுக்க என் திண்ணைக்கு வருகிறார்கள். முகத்தைக் காட்டிச் சான்று தரும் செயலி பழைய இயங்குதளத்தில், அதாவது போனை ஓட்டும் பழைய அடிப்படை மென்பொருளில், ஏறாது. "அப்டேட் போட்டுக் கொடுங்கள் போஸ்ட்மாஸ்டர்" என்பார்கள். நான் முதலில் கேட்பது அப்டேட்டைப் பற்றி அல்ல. "உங்கள் மெயில் எங்கே இருக்கிறது?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் "போனில்தான்" என்பார்கள்.

மெயிலின் இருப்பிடம்

பாப் என்று கணினிக்காரர்கள் சொல்லும் ஏற்பாட்டின் முழுப்பெயர் போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால். முதன்முதலில் கேட்டபோது பெருமையாக இருந்தது. என் மெயிலைத் தின்றது அதுதான் என்று தெரிந்ததும் பெருமை போய்விட்டது. பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. அஞ்சலகம் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. தபாலை உரியவர் கையில் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பாப் முறையில், மெயில் தரும் நிறுவனத்தின் கணினியான சேவையகத்திலிருந்து (சர்வர்) போன் மெயிலை இறக்கிக்கொள்கிறது. "இறக்கியதும் சேவையகத்திலிருந்து நீக்கு" என்று அமைத்திருந்தால் அங்கே ஒன்றும் மிச்சம் இராது. எனக்கு மெயில் கொடுத்த இடத்தில் பெட்டி சிறியது, அடிக்கடி நிரம்பும். அதனால் கெட்டிக்காரத்தனமாக அந்த நீக்கலை நானே இயக்கி வைத்திருந்தேன்.

இன்னொரு ஏற்பாடு ஐமேப். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது. இதில் கடிதம் சேவையகத்திலேயே இருக்கும், போன் ஒரு ஜன்னல்தான். ஜன்னல் உடைந்தால் வேறு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மெயில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். மெயில் செயலியின் அமைப்புகளில் உங்கள் கணக்கைத் தொட்டு, உள்வரும் சேவையகம் என்ற இடத்தைப் பாருங்கள். போர்ட் என்ற கட்டத்தில் 993 என்று இருந்தால் ஐமேப், நிம்மதி. 995 அல்லது 110 என்று இருந்தால் பாப். அப்படி ஒரு கட்டமே இல்லை, ஜிமெயில் முகவரியை ஜிமெயில் செயலியில்தான் படிக்கிறேன் என்றால் கவலை இல்லை; அது சேவையகத்தில்தான் இருக்கிறது. எண்ணெல்லாம் தலைவேதனை என்பவர்கள் வேறொருவர் கணினியில் உள்நுழைந்து, போன வருடப் பொங்கல் சமயத்து மெயில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் போனை நம்பி நீங்கள் இல்லை. பார்த்த பிறகு வெளியேற மறக்காதீர்கள்.

பாப் என்று தெரிந்தால் அந்தக் கணக்கை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். முதலில் சேவையகத்திலிருந்து நீக்கும் அமைப்பை அணையுங்கள். பிறகு முக்கியமான மெயில்களை வேறொரு முகவரிக்கு அனுப்பி வையுங்கள். அதன் பிறகு அதே கணக்கை ஐமேப் வகையாகப் புதிதாகச் சேர்க்கலாம். நூற்றுக்கணக்கில் மெயில் இருந்தால் போனில் விரல் தேயும். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டுங்கள்.

எந்தச் செயலி

பெரும்பாலானவர்களுக்கு ஜிமெயில் போதும். இதைச் சொன்னால் வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்களின் முகம் சுருங்குகிறது. 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு ஜிபி இடம் தருகிறோம் என்று ஜிமெயில் அறிவித்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. இன்று இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆனால் அது மெயிலுக்கு மட்டும் அல்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் 2024 முதல் அதே கணக்கில் ஏறுகிறது. எதிர்வீட்டு டீச்சருக்கு மெயில் வரவில்லை என்று பார்க்கப் போனால், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ வீடியோக்கள் பதினைந்து ஜிபியையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இடம் நிரம்பிவிட்டால் புதிய மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேமிப்பக அளவைப் பார்த்து, பெரிய இணைப்புள்ள மெயில்களையும் வீடியோக்களையும் கழியுங்கள். வாட்ஸ்அப் காப்புப்பிரதியில் வீடியோக்களைச் சேர்க்காதே என்று ஓர் அமைப்பு இருக்கிறது. டீச்சர் போனில் அதைத்தான் முதலில் மாற்றினேன்.

ஜிமெயில் செயலியில் யாஹூ, அவுட்லுக் போன்ற மற்ற முகவரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி வைத்துப் போனை நிரப்புகிறார்கள். இன்னொன்று: கடிதங்களை முதன்மை, விளம்பரம், அறிவிப்பு என்று அது தானே பிரித்துப் போடுகிறது. எங்கள் பிரிப்பு அறையில் தஞ்சாவூர்ப் பையில் திருவாரூர்க் கடிதம் விழுவதுபோல இங்கேயும் விழும். வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் விளம்பரம் என்ற பகுதியையும் குப்பை என்ற பகுதியையும் தினம் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. மாடிவீட்டுப் பையனின் நேர்காணல் கடிதம் விளம்பரப் பகுதியில், செருப்புத் தள்ளுபடிக்கும் விமான டிக்கெட்டுக்கும் நடுவில் நான்கு நாள் கிடந்தது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிளின் சொந்த மெயில் செயலியில் ஜிமெயில் முகவரியைச் சேர்த்தால் கடிதம் வந்த நொடியே மணி அடிக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் போன்தான் போய்க் கேட்டு வாங்கி வரும். எங்கள் கிராமத்தில் தபால்காரர் வருவது தினம் ஒரு நடைதான் என்பது போல. உடனே தெரிய வேண்டியவர்கள் ஐபோனிலும் ஜிமெயில் செயலியையே போட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலக மெயிலும் நாட்காட்டியும் ஒரே இடத்தில் வேண்டுமானால் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் நன்றாக இருக்கிறது. அது முதலில் அகாம்ப்ளி என்ற பெயரில் வேறு ஒரு நிறுவனத்துடையது. 2014 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கி, அடுத்த மாதமே அவுட்லுக் என்று பெயர் மாற்றி வெளியிட்டது. முக்கியமானவை, மற்றவை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவது அதன் சிறப்பு. எனக்கு அது ஒத்துவரவில்லை. எது முக்கியம் என்று எனக்காக இன்னொருவர் முடிவு செய்வது பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன்.

என் சொந்தப் போனில் இருப்பது தண்டர்பேர்ட். கே-9 மெயில் என்று 2008இல் தொடங்கிய, நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறமூலச் செயலியை 2022இல் தண்டர்பேர்ட் குழு தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2024 அக்டோபர் கடைசியில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் வெளிவந்தது. விளம்பரம் கிடையாது. ஐந்து முகவரிகளை ஒரே பெட்டியில் காட்டும். எந்தச் சேவையகம், எந்தப் போர்ட், எத்தனை நாள் மெயில் என்று எல்லாவற்றையும் நாமே பார்த்து வைக்கலாம். அழகு என்று ஒன்றும் இல்லை, அஞ்சலகத்து மரமேசை மாதிரி இருக்கும். எனக்குப் பழகிய மேசை.

அடுத்தவர் கண் படக்கூடாத கடிதப் போக்குவரத்து உள்ளவர்களுக்கு ஜெனீவாவிலிருந்து நடக்கும் புரோட்டான் மெயில் இருக்கிறது. 2014இல் வந்தது. இரண்டு பக்கமும் புரோட்டான் இருந்தால் கடிதத்தின் உள்ளடக்கத்தை அந்த நிறுவனமே படிக்க முடியாது. ஆனால் தலைப்பாக எழுதும் பொருள் வரி (சப்ஜெக்ட்) அந்தப் பூட்டுக்குள் அடங்காது. ஜிமெயில்காரருக்கு அனுப்பும் சாதாரணக் கடிதத்துக்கும் அந்தக் காப்பு இல்லை. கடவுச்சொல் போட்டு அனுப்பினால்தான் உண்டு. உறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முகவரிப் பக்கம் எல்லோருக்கும் தெரியத்தானே செய்யும்.

சொந்தக் கடை, சொந்த இணையப் பெயர் வைத்திருப்பவர்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயிலைப் பார்க்கலாம். இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது, அவர்கள் செயலியிலும் வலைத்தளத்திலும்தான் படிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

செயலி மேல் மட்டும் பாசம் வைக்காதீர்கள். மெயில்பாக்ஸ் என்று ஒரு செயலி 2013இல் வந்து பெரிய வரிசையே நின்றது. டிராப்பாக்ஸ் அதை வாங்கி 2016 பிப்ரவரியில் மூடியது. கூகுளே இன்பாக்ஸ் என்று ஒன்றை 2014இல் கொண்டுவந்து 2019 ஏப்ரலில் மூடியது. பழகியவர்கள் புலம்பினார்கள். ஆனால் ஒருவருக்கும் ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. ஏனென்றால் கடிதங்கள் அந்தச் செயலிகளுக்குள் இல்லை.

பீரோவில் ஒரு கவர்

மெயில் சேவையகத்தில் பத்திரமாக இருந்தும் அதைத் திறக்கும் சாவி போனுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன பயன்? கடவுச்சொல் போட்ட பிறகும் நீங்கள்தானா என்று இன்னொரு முறை கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்கு, உள்நுழைய வரும் அந்தக் கேள்வியே அந்தப் போனுக்குத்தான் வரும். போன் முத்திரையைக் காட்டிக்கொண்டு கிடக்கும்போது யார் பதில் சொல்வது?

அப்டேட்டுக்கு முதல் நாள் இதைச் செய்யுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்புக்குள் காப்புக் குறியீடுகள் என்பதைத் தேடுங்கள். எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைப் படம் பிடித்து அதே போனில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது அது. காகிதத்தில் எழுதுங்கள். என்னுடையது அரக்கு முத்திரை வைத்த பழைய பழுப்பு உறையில், பீரோவில், ரேஷன் அட்டைக்குக் கீழே இருக்கிறது. என் மனைவிக்கும் இடம் தெரியும். பயன்படுத்திய எண்ணை அடித்துவிட வேண்டும். எழுதிய தேதியையும் மேலே போடுங்கள். புதிய பத்து எண்கள் எடுத்தால் பழைய பத்தும் செல்லாது.

அதே பக்கத்தில் மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மீட்பு எண்ணாக இருந்தது 2012இல் விட்டுவிட்ட சிம். அந்த எண் இப்போது யாரோ ஒருவர் கையில். மீட்பு முகவரி உங்களுடைய இன்னொரு மெயிலாக இருந்தால் அதையும் எப்போதாவது திறந்து பாருங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

உறைக்குள் கடவுச்சொல்லை எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். வீட்டுப் பீரோதான், எழுதி வையுங்கள். மறந்துபோய்க் கணக்கையே இழந்தவர்கள் என் திண்ணைக்கு நிறைய வந்திருக்கிறார்கள். பீரோவை உடைத்து மெயில் திருடியவன் இதுவரை வந்ததில்லை.

அப்டேட் என்று சொல்வது எதை

அப்டேட் என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு சரக்குகள் வருகின்றன. முதலாவது முழு இயங்குதளம்: ஆண்ட்ராய்டு 14 போய் 15 வருவது. தோற்றமே மாறும். இரண்டாவது பாதுகாப்பு ஒட்டு: வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஓட்டை அடைபடும். மூன்றாவது கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்: 2019இல் ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த ஏற்பாடு. போன் நிறுவனத்தைக் கேட்காமலே சில உள் உறுப்புகளை கூகுள் நேரடியாக மாற்றும். "என் போனுக்கு இனி அப்டேட் வராதாமே" என்று வருபவர்கள் பெரும்பாலும் முதல் சரக்கைச் சொல்கிறார்கள். மற்ற இரண்டும் வருகிறதா என்று பார்க்கவேண்டும். அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியிலோ, போனைப் பற்றி என்ற பகுதியிலோ பாதுகாப்பு ஒட்டின் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அந்தப் போனில் வங்கி வேலையை நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து.

தோற்றம் மாறுவதைப் பலர் வெறுக்கிறார்கள், நானும்தான். இருந்த பொத்தானைக் காணாமல் தடுமாறுவது எரிச்சல். ஆனால் ஒட்டை வேண்டாம் என்பவர்களிடம் நான் இரண்டு கதை சொல்வேன். 2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டையை ஜிம்பீரியம் என்ற நிறுவனம் வெளியிட்டது. வீடியோவோடு ஒரு செய்தி வந்தாலே போதும், திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 95 கோடிக் கருவிகள் வரை இந்த ஆபத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடித்தவர்கள் கணித்தார்கள். அதன் பிறகுதான் மாதந்தோறும் பாதுகாப்பு ஒட்டு என்ற பழக்கத்தையே அந்த ஆகஸ்டில் கூகுள் தொடங்கியது. இரண்டாவது கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். 2020 ஏப்ரலில் ஐபோனின் மெயில் செயலியிலேயே ஓட்டை இருப்பதாக ஜெக்ஆப்ஸ் என்ற நிறுவனம் அறிவித்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை என்றது ஆப்பிள். ஆனாலும் மே மாதம் வந்த ஐஓஎஸ் 13.5இல் அதை அடைத்தது. அந்த மெயில் செயலி இயங்குதளத்தின் உறுப்பு. அப்டேட் போடாமல் அதைத் தனியாகச் சரிசெய்ய வழியே இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, சொல்ல எனக்குப் பிடிக்கும். 2019 நவம்பர் 3ஆம் தேதிக்குள் ஐபோன் 5 வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 10.3.4 போட்டுவிட வேண்டும் என்று ஆப்பிள் எச்சரித்தது. இடம் காட்டும் ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் கணக்கு அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்டேட் போடாத போனுக்குத் தேதி குழம்பும். தேதி குழம்பினால் மெயில்கூட வராது. தேதி முத்திரை தப்பாக விழுந்த பையை நாங்கள் மேலே அனுப்பமாட்டோம். அதே நியாயம்தான்.

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதை போன் வாங்கும்போதே கேளுங்கள். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. 2023இல் வந்த பிக்சல் 8க்கு கூகுளும், 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன. மலிவான போன்களில் இது மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இயங்குதள அப்டேட் மெயிலில் வராது, எஸ்எம்எஸ்ஸில் வராது, வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற, செயலியை நிறுவும் கோப்பாக வரவே வராது. போனின் அமைப்புகளுக்குள் மட்டும்தான் வரும். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ஏபிகே அனுப்பிப் பணத்தை வழித்தவர்கள், "போனைப் புதுப்பிக்கவும்" என்று அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

போடும் இரவு

தினம் 1.5 ஜிபி திட்டத்தில் இருப்பவர்கள் முழு இயங்குதளத்தை அதில் இறக்கப் பார்க்காதீர்கள். அப்டேட்டே இரண்டு மூன்று ஜிபி இருக்கும். வீட்டிலோ பிள்ளைகள் வீட்டிலோ வைஃபை இருந்தால் அங்கே இறக்குங்கள். போனில் அதைப்போல் இரண்டு மடங்கு இடமாவது காலியாக இருக்கட்டும். புதிய பெரிய பதிப்பு வந்த அன்றே போடாதீர்கள். இரண்டு வாரம் மற்றவர்கள் அனுபவிக்கட்டும். பாதுகாப்பு ஒட்டுக்கு இந்தத் தாமதம் வேண்டாம், வந்த வாரமே போடுங்கள்.

சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், சார்ஜரிலும் சொருகி வையுங்கள். காலையில் ரயில் ஏற வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு வேண்டாம். தொடங்கியபின் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுங்கள். நான் சொல்வது விளையாட்டு இல்லை. அந்தக் கோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் கை பவர் பொத்தானுக்குப் போகும். 2016இல் ஆண்ட்ராய்டு 7 முதல் பல போன்களில் இரட்டை அறை ஏற்பாடு வந்திருக்கிறது. ஓர் அறையில் நீங்கள் குடியிருக்கும்போதே அடுத்த அறையில் வெள்ளையடித்து முடிப்பார்கள். போனை அணைத்து எழுப்பும்போது அறை மாறிக்கொள்ளலாம். புதிய அறையில் கோளாறு இருந்தால் பழையதற்கே திரும்பிவிடும். இருந்தாலும் உங்கள் போன் அந்த வகையா என்று சோதித்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

மறுநாள் காலை

காலையில் போன் புதிதாக மின்னும். முதல் நாள் பேட்டரி சீக்கிரம் கரையும், சற்றுச் சூடாகும். உள்ளே பொருள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறது, விடுங்கள். நேரே மெயிலுக்குப் போங்கள்.

அப்டேட்டுக்குப் பின் எனக்கு வரும் புகாரில் முதலிடம் "மெயில் வருகிறது, மணி அடிக்கவில்லை" என்பதற்குத்தான். 2015இல் ஆண்ட்ராய்டு 6 முதல் போன் சும்மா கிடக்கும்போது செயலிகளைத் தூங்கவைக்கும் பழக்கம் வந்தது. பேட்டரியைக் காப்பாற்ற சில நிறுவனங்கள் இதை இன்னும் கடுமையாக்கிவைத்திருக்கின்றன. அமைப்புகளில் செயலிகள், அதில் உங்கள் மெயில் செயலி, அதில் பேட்டரி என்று போய், கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்க அனுமதி என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் போடுங்கள். பிறகு அறிவிப்பு. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே செயலி உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அவசரத்தில் வேண்டாம் என்று தொட்டிருப்பீர்கள். ஜிமெயில் செயலிக்குள்ளும் அறிவிப்பு என்ற இடத்தில் அனைத்தும், அதிக முன்னுரிமை மட்டும், எதுவும் வேண்டாம் என்று மூன்று இருக்கும். நடுவில் இருப்பது மாட்டியிருந்தால் பாதிக் கடிதத்துக்கு மணி அடிக்காது.

எல்லாம் சரி என்று தோன்றியதும் நான் செய்யும் சோதனை இது. போனைப் பூட்டி, திரையை அணைத்து, ஜன்னல் மேடையில் வைத்துவிடுவேன். கையில் இருக்கும்போது சோதிப்பதில் பயன் இல்லை, அப்போது விழித்திருக்கும். அரைமணி நேரம் கழித்து வேறொரு போனிலிருந்து, வேறொரு முகவரியிலிருந்து, அதற்கு ஒரு வரிக் கடிதம் அனுப்புவேன். போன வாரம் டீச்சரின் போனுக்கு இப்படி அனுப்பிவிட்டு அவர் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். முதல் கடிதத்துக்குச் சத்தமே இல்லை. எழுந்து பேட்டரிக் கட்டுப்பாட்டை மாற்றிவிட்டு, மறுபடி வைத்து, இன்னொன்று அனுப்பினேன். டம்ளரைக் கழுவி வைக்கப் போன டீச்சர் அடுக்களையிலிருந்தே கேட்டார்: "போஸ்ட்மாஸ்டர், மணி அடித்ததே, யாரிடமிருந்து?"

"பிரித்துப் பாருங்கள்" என்றேன்.